நன்றியுரைக்கு முன்னால்

மூச்சு விடுவதற்கும் ஒரு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது, புருஷன் ஓய்வு பெறும்வரை தையலக்காவுக்குத் தெரியாது.

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்காதான். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருப்பாள். அவள் புருஷனைத் தீயணைப்பு நிலையத்தில் ஏணி என்று கூப்பிட்டார்கள். ஆள் உயரம் என்பது ஒரு காரணம். மேலதிகாரி 'ஏறு' என்று வாயைத் திறப்பதற்குள் பாதி ஏணியில் நிற்பார் என்பது இன்னொரு காரணம். சொன்னதைச் செய்கிற மனிதர். 'உள்ளே போ' என்றால் போவார். புகைக்குள் போக முகமூடி கேட்டால், "அடுத்த வருஷம் வருது, இப்போதைக்குத் துண்டை நனைச்சுக் கட்டிக்கோ" என்பார்கள். அதையும் நம்பிக் கட்டிக்கொண்டு போவார். அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் அவருக்கு வயதாகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதலில் இருமல்தான் வந்தது. பிறகு, குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பிறகு, சட்டையை மாட்டவே மூச்சு வாங்கியது. தையலக்கா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு நுரையீரலும் தீய்ஞ்ச துணி மாதிரி இருக்கும்மா" என்றார்.

"ஒட்டுப் போட முடியாதா டாக்டர்?" தொழில் வாசனையில் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வீட்டுல ஒரு ஆக்ஸிஜன் மெஷின் வேணும். கரன்ட்ல ஓடும். காத்துல இருந்து பிரிச்சு மூக்குக்குக் கொடுக்கும். அதை மாட்டிக்கிட்டு, பேச்சைக் குறைச்சுக்கிட்டுப் படுத்திருந்தார்னா கொஞ்ச காலம் ஓட்டலாம்."

கடையில் விலை கேட்டார்கள். கேட்டுவிட்டு, கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் டாக்டர் அந்த வழியைக் காட்டினார். "ஏம்மா, தீயணைப்புல இருந்தவர்தானே? உங்களுக்குன்னே ஒரு வாரியம் இருக்கே!"

இருந்தது. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் நலம் மற்றும் பாராட்டு வாரியம். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இரண்டு பிரிவுகள். பாராட்டுப் பிரிவு தரைத்தளத்தில், வாசலுக்கு நேரே. நலப் பிரிவு ஐந்தாம் மாடியில். நடுவில் இருந்த மாடிகளில் என்ன இருந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

லிஃப்ட் வாசலில் 'மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. தையலக்காவுக்கு மனசு குளிர்ந்தது. நம் ஆட்களை நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

"சான்று இருக்கா?" என்றார் லிஃப்ட்காரர்.

"என்ன சான்றுங்க?"

"மூச்சுத் திணறல்னு சான்று."

"அதுக்கு எங்க போகணும்?"

"அஞ்சாவது மாடி" என்று படிக்கட்டைக் காட்டினார் அவர்.

ஏணி ஏறினார். திருப்பத்துக்குத் திருப்பம் வாரியத் தலைவரின் படம் மாட்டியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் எதிரில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து வெகுநேரம் நின்றார். கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு அது மரியாதை போலவே தெரிந்திருக்கும்.

நல அதிகாரி வழுக்கைத் தலையும் சாந்தமான முகமும் கொண்டவர். மேஜையில் ஒரு தூசி இல்லை, ஒரு காகிதமும் இல்லை.

"எப்படி வந்தீங்க?"

"படியேறி... சார்." மூச்சு இரைத்தாலும் ஏணியின் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அங்கேதான் வினை பிடித்தது.

"அஞ்சு மாடியும்?"

"ஆமா சார்."

"அப்புறம் மூச்சுக்கு என்ன குறை?"

தையலக்கா குறுக்கே புகுந்தாள். "ஏறினதாலதான் சார் இப்படி நிக்கறாரு! உதட்டைப் பாருங்க, நீலமாயிருக்கு."

"அம்மா, ஏறி வந்தவருக்கு மெஷினைக் கொடுத்துட்டா, ஏற முடியாதவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்படி ஏற முடியாதவங்க யாராவது வந்திருக்காங்களா சார்?"

"இதுவரைக்கும் ஒருத்தர்கூட வரல. அதான் எனக்கும் கவலையா இருக்கு." உண்மையிலேயே கவலைப்பட்டார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்துகொண்டார். "என்னைத் தப்பா நினைக்காதீங்க. நான் இந்த இடத்துக்கு வந்ததிலேர்ந்து தகுதியில்லாத ஒரு ஆள்கூட இங்கேர்ந்து ஒரு ஊசி வாங்கிட்டுப் போனதில்ல."

"தகுதி உள்ளவங்க?"

"அவங்களும் போனதில்ல. நாளைக்குப் பாரபட்சம்னு யாரும் விரல் நீட்டிடக் கூடாது பாருங்க."

அடுத்த முறை ஏணியைக் கீழே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தையலக்கா மட்டும் ஏறினாள். விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும் என்றார் அதிகாரி. கீழேதான் இருக்கிறார், எட்டிப் பாருங்கள் என்றாள். ஜன்னல் வழியாகப் பார்ப்பது நேரில் ஆகாது என்றார்.

அதற்கடுத்த முறை வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தீயணைப்பு வண்டியை ஓட்டியவர் அவர். ஏணியோடு வேலைக்குச் சேர்ந்தவர், அவரோடு ஓய்வு பெற்றவர், இருமுவதிலும் இணைபிரியாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானே தங்கச்சி?" என்று ஏணியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டார். எரிகிற வீட்டிலிருந்து ஆளைத் தூக்குவது போலத்தான். ஒரே வித்தியாசம், இறங்க வேண்டியவர் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது தூக்கியவர் முகமும் தூக்கப்பட்டவர் முகமும் ஒரே நிறத்தில் இருந்தன.

நல அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தூக்கிட்டு வர ஆள் இருக்கு. அப்போ இவர் ஆதரவற்றோர் கணக்குல வர மாட்டார்." பிறகு வண்டிக்காரரிடம் திரும்பினார். "நீங்களும் இதே துறையா? ஒரு ஆளைத் தூக்கிக்கிட்டு அஞ்சு மாடி ஏறியிருக்கீங்க. உங்க முகத்தை நான் ஞாபகம் வச்சுக்கறேன்."

வண்டிக்காரர் அதைப் பாராட்டு என்று நினைத்து, இருமலுக்கு நடுவில் ஒரு கும்பிடு போட்டார்.

தையலக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார், ராத்திரியில இவர் தூங்கறதில்ல. உட்கார்ந்தே இருக்கார். நான் இவர் வாயையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாங்க என்னதான் சார் பண்ணறது?"

அதிகாரி மனம் இளகினார். இளகிய மனதோடு எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "கீழ பாராட்டுப் பிரிவுக்குப் போங்க. அங்க யாரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க."

பாராட்டுப் பிரிவில் கால் புதைகிற கம்பளம். குளிர்ந்த காற்று. பாராட்டு அதிகாரி ஒரு அம்மா. கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. ஏணியைப் பார்த்ததுமே அவர் கண்கள் கலங்கின.

"உட்காருங்க ஐயா, உட்காருங்க! உங்களை மாதிரி ஒருத்தரை உயிரோட பாக்கறதே எங்களுக்கு அபூர்வம். பெரும்பாலும் நாங்க குடும்பத்தாரைத்தான் பாராட்டறோம்."

தையலக்கா மெஷின் என்று தொடங்குவதற்குள், அந்த அம்மாவே சொல்லிவிட்டார். "அடுத்த வாரம் இயந்திரம் வழங்கும் விழா இருக்கு. ஐயாவுக்குத்தான். மேடையில, தலைவர் கையால."

தையலக்கா அந்த அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை நாள் ஐந்தாம் மாடியைக் கட்டிக்கொண்டு அழுதது என்ன முட்டாள்தனம்!

"ஐயா காப்பாத்தினவங்கள்ல யாராவது பெரிய ஆளா இருக்காங்களா? மேடையில உட்கார வைக்கலாம்."

ஏணி யோசித்தார். "தூக்கறப்ப யாருன்னு கேக்கறதில்லம்மா."

"அது ஒரு குறைதான்" என்று பெருமூச்சு விட்டார் அந்த அம்மா.

ஒத்திகைக்கு இரண்டு தடவை வரச்சொன்னார்கள். எப்படி எழுவது, எப்படி இரண்டு கைகளாலும் வாங்குவது, எந்தப் பக்கம் பார்த்துப் புன்னகைப்பது என்று ஒரு உதவியாளர் சொல்லிக்கொடுத்தார். ஒல்லியான ஆள், தோளில் சாப்பாட்டுப் பை. "இருமல் வந்தா கைதட்டல் நேரத்துல இருமிக்கங்க ஐயா" என்றார்.

"கைதட்டல் வரலேன்னா?"

"வரும். அதுக்கு ஆள் இருக்கு."

விழா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் இருமிய இருமலில் வரவேற்புரை யாருக்கும் கேட்கவில்லை. மேடையின் நடுவில், ஒரு மேஜைமேல், சிவப்பு ரிப்பன் கட்டி, வெள்ளை வெளேரென்று நின்றது மெஷின். தையலக்கா மேடையின் பக்கவாட்டில் நின்று அதையே பார்த்தாள். கல்யாணப் பெண்ணை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

விழாவுக்கு ஒரு உயிரோட்டம் வேண்டும் என்று பாராட்டுப் பிரிவு முடிவு செய்திருந்தது. அதனால் தலைவர் பேச எழுந்ததும் மேடையின் மூலையில் இன்னொரு இயந்திரம் 'புஸ்' என்றது. வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு வந்தது. ஏணி பழக்கதோஷத்தில் சட்டென்று குனிந்து, தலையைத் தரைப்பக்கம் தாழ்த்திக்கொண்டார்.

"பாருங்கள் அந்தப் பணிவை!" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில்.

கைதட்டல் வந்தது. ஏணி இருமினார்.

"என்னைக் கேட்கிறார்கள், இந்த வாரியம் என்ன செய்தது என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், எனக்கு முன்னால் இங்கே இப்படி ஒரு மேடை இருந்ததா? இப்படி ஒரு ஒலிபெருக்கி இருந்ததா? வீரர்கள் வருவார்கள், போவார்கள். வேகமாகவே போவார்கள். ஆனால் விழா நிற்காது! இவர்களுடைய மூச்சுதான் என்னுடைய மூச்சு. அதனால்தான் என்னால் இவ்வளவு நேரம் பேச முடிகிறது!"

யாரோ ஒரு சீட்டை நீட்டி நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்தினார்கள். தலைவர் முகம் சிவந்தது. "வாரிய விதி நான்கு! விழாவில் பேசத் தொடங்கியவரை, அவரே முடிக்கும்வரை, யாரும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. அந்த விதியை எழுதியவன் நான்!"

அவர் முடித்தபோது முன்வரிசையில் பாதிப் பேர் வெளியே காற்றுக்குப் போயிருந்தார்கள். மெஷினை எடுத்து ஏணியின் கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள். இன்னொரு தடவை கொடுத்தார். இன்னொரு படம். அப்புறம் உதவியாளர் வந்து, மெஷினை ஏணியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தையலக்கா நின்ற பக்கமாக வந்தார்.

"இங்க வைப்பா, நானே பாத்துக்கறேன். வெளியில வண்டி சொல்லியிருக்கேன்" என்றாள் அவள்.

"வண்டி எதுக்குக்கா? ஸ்டோர் இங்க பின்னாலதானே?"

"ஸ்டோரா? இது அவருக்குக் கொடுத்ததுப்பா."

"கொடுத்தாச்சுக்கா, படமும் எடுத்தாச்சு. விழா முடிஞ்சதும் திருப்பி ஒப்படைச்சிடணும். இது விழா மெஷின்."

"அப்போ, இதுக்கு முந்தின விழாவுல கொடுத்தது?"

"இதேதான். ரிப்பன் மட்டும் புதுசு."

"இது ஓடுமா?"

உதவியாளர் தலையைச் சொறிந்தார். "தெரியலக்கா. இதுவரைக்கும் யாரும் போட்டுப் பாக்கல."

மேடையில் ஏணியைக் கைத்தாங்கலாக ஒலிபெருக்கிமுன் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உதடு கருநீலமாக இருந்தது. புகை இன்னும் வந்துகொண்டிருந்தது.

"விழா எப்பப்பா முடியும்?" என்றாள் தையலக்கா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இப்ப ஐயா ஏற்புரை. அப்புறம் தலைவர் நன்றியுரை சொல்வார். நன்றி சொல்லிட்டா முடிஞ்சுது."

அவள் மெஷினை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். தைத்துத் தைத்து உரமேறிய கை. விறுவிறுவென்று மேடை ஏறி, மூலையில் புகை விட்டுக்கொண்டிருந்த இயந்திரத்தின் வயரைச் சொருகியிருந்த இடத்திலிருந்து பிடுங்கி எறிந்து, அதே துவாரத்தில் மெஷினின் வயரைச் செருகினாள். ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தாள். சுவிட்சைத் தட்டினாள். மெஷின் ஒரு தடவை குலுங்கி, முனகி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. குழாயைப் புருஷன் மூக்கில் மாட்டிவிட்டு, காதோடு சொன்னாள். "பேசுங்க. முடிச்சிடாதீங்க. நீங்க முடிச்சா இதைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

ஏணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உத்தரவு புரிந்தது. "சரி" என்றார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்கினார். "எனக்குப் பேச வராது." கொஞ்சம் மூச்சு இழுத்தார். உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. "தீயணைக்கற தண்ணிக் குழாயைச் சுத்தி வைக்கறது எப்படின்னு சொல்றேன்..."

சொன்னார். குழாயைச் சுற்றுவது, காயவைப்பது, மறுபடி பிரிப்பது. ஏணியின் ஒவ்வொரு படியையும் எப்படித் துடைப்பது. பெயிண்ட் கிடங்கு எரிந்தபோது எத்தனை நிறத்தில் புகை வந்தது என்பது. கூட்டம் கலைந்தது. கைதட்ட வந்தவர்கள் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். தலைவர் நன்றியுரையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா முடிச்சுக்கலாமே" என்றார் பாராட்டு அதிகாரி.

"விதி நாலு" என்றாள் தையலக்கா.

தலைவரால் தன் விதியைத் தானே மீற முடியவில்லை. மறுநாள் அரங்கத்தில் வேறு நிகழ்ச்சி இருந்தது. அங்கேயே கூடி ஆலோசித்து ஒரு முடிவு எடுத்தார்கள். விழா முடியவில்லை, இடம் மட்டும் மாறுகிறது. ஏற்புரை விருதாளரின் வீட்டில் தொடரும். மெஷினும் கூடவே போகும். மெஷினோடு உதவியாளரும் போவார்.

அப்படித்தான் விழா அவர்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, ஜன்னலோரம் தையல் மெஷின். இந்தப் பக்கம் அது கடகடக்க, அந்தப் பக்கம் இது முனகும். உதவியாளர் காலையில் வந்து முக்காலியில் உட்காருவார். மதியம் பையைத் திறந்து சாப்பிடுவார். ஏற்புரை தொடர்கிறது என்று தினமும் மேலே தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பேச்சே இல்லையென்றால் முடிந்ததாகக் கருதப்படும்.

"ஞாயித்துக்கிழமை பேச வேண்டாம்க்கா. லீவு" என்று அவராகவே ஒரு சலுகையும் சொன்னார்.

முதல் சில நாள் தையலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏணி சாய்ந்து படுத்துத் தூங்கினார். எழுந்து உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். "என்னடி, இளைச்சுட்டே" என்று அவளையே கேட்டார். அவள் சமையலறைக்குள் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுவிட்டு வந்து மறுபடி பித்தான் வைத்தாள்.

பார்க்க வந்த டாக்டர் மெஷினைப் பார்த்து மகிழ்ந்தார். ஏணி பேசுவதைப் பார்த்துப் பதறினார். "பேசக் கூடாதுன்னு சொன்னேனே! பேச்சுல செலவாகிற மூச்சை இந்த மெஷினால ஈடுகட்ட முடியாதும்மா."

"பேசலேன்னா மெஷினே இருக்காது டாக்டர்."

முழுவதையும் கேட்டுவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. பேச்சு குறுகிக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரம் பேசியவர் கால் மணி நேரம் பேசினார். பிறகு பத்து வார்த்தை. தையலக்கா உதவியாளரிடம் கெஞ்சினாள். "ஒரு வார்த்தை போதும்னு வச்சுக்கக் கூடாதாப்பா?"

"வார்த்தை பேச்சாகாதுக்கா. ஒரு வாக்கியமாவது வேணும். எழுவாய், பயனிலை இருந்தாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"குழாய் நனைஞ்சிருக்கு" என்றார் ஏணி ஒரு நாள்.

"படி வழுக்குது" என்றார் மறுநாள்.

அவர் கண் இந்த அறையில் இல்லை. எந்தத் தீக்குள் நிற்கிறார் என்று தையலக்காவுக்குத் தெரியவில்லை. காலைப் பிடித்துவிட்டபடி, "மேல ஏறாதீங்க, இறங்கி வாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் உத்தரவுக்குக் காத்திருப்பவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடியும் ஐந்து மாடி ஏறினாள். பேசாமல் இருப்பதற்கு ஒரு மெஷின் கொடுங்கள் என்று நல அதிகாரியின் காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

"ஏற்கெனவே ஒண்ணு வழங்கியாச்சே அம்மா. படம் பாத்தேன். நல்லா வந்திருக்கு" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பியபோது வண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு, மூச்சு அடங்கட்டும் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து ஒரு அழைப்பிதழை எடுத்தார்.

"என்னையும் பாராட்டப் போறாங்களாம் தங்கச்சி. நாளைக்கு."

அவளுக்கு உடனே புரிந்தது. "மெஷின் வேணும்பாங்க."

"கேப்பாங்க. நான் போகப் போறதில்ல. யார் கழுத்தைப் பிடிச்சுத் தள்ள முடியும்?"

அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். ஏணியின் உதட்டைப் பார்த்துப் பார்த்து அந்த நிறம் அவளுக்குப் பழகியிருந்தது. "உங்களுக்கும் வேணும்தானே அண்ணே?"

"எனக்கென்ன கேடு? ஆளைத் தூக்கிக்கிட்டு அஞ்சு மாடி ஏறினவன் நான்" என்று சிரிக்கப் போய், அந்தச் சிரிப்பு இருமலில் சிக்கிக்கொண்டது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். அடங்க வெகுநேரம் ஆனது.

அவர் அன்றைக்குத் தன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் தெருமுனையில் கார் வந்து நின்றது. தலைவர், பாராட்டு அதிகாரி, படம் எடுக்கிறவர். அந்தச் சின்ன அறையில் ஆளுக்கொரு மூலையில் ஒட்டிக்கொண்டார்கள். தலைவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து நன்றியுரையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

"சாயங்காலம் அடுத்த விழா. விருதாளர் பெருமனது பண்ணி முடித்துக்கொண்டால் நல்லது."

ஏணியின் கண் பாதி திறந்திருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து அவர் ஒரு வாக்கியமும் பேசவில்லை. உதவியாளர் முக்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, ஒரே ஒரு வாக்கியம். தண்ணி வந்துச்சு, அப்படின்னு சொன்னாக்கூடப் போதும். சொல்லுங்கய்யா." அவர் குரல் உடைந்திருந்தது.

ஏணியின் வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?" என்றார் தலைவர்.

"நான் பேசறேன். அவர் சம்சாரம்தானே நான்?" என்றாள் தையலக்கா.

"விருதாளர் மட்டும்தாம்மா பேசலாம்" என்று கைக்குட்டையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார் பாராட்டு அதிகாரி.

"நானும் விருதாளர்தான்" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. வண்டிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையில் அழைப்பிதழ். "அழைப்பு கொடுத்துட்டீங்க. இதே மெஷின்தான் எனக்கும் கொடுக்கப் போறீங்க. என் ஏற்புரையை இப்பவே ஆரம்பிக்கிறேன்."

பாராட்டு அதிகாரி தலைவரைப் பார்த்தார். எங்கே பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று விதி நான்கில் எதுவும் இல்லை. பேசத் தொடங்கியவரை நிறுத்தக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

"எவ்வளவு அகலமாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்!" என்று தலைவர் வியந்தார். தன் விதியின் ஆழம் அவருக்கே அன்றுதான் தெரிந்தது. "சரி, பேசட்டும்."

வண்டிக்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "வண்டியை நான்தான் ஓட்டுவேன். மணி அடிச்சதும் கிளப்பிடுவேன். யாருக்காகவும் நிக்க மாட்டேன். இவன் சட்டையை மாட்டிக்கிட்டே ஓடி வந்து தொத்திக்குவான். திட்டிக்கிட்டே வருவான். 'ஒரு நாளைக்கு நான் விழுந்து சாகப் போறேன், நீ பாக்காமயே ஓட்டிட்டுப் போகப் போறே'ன்னு..."

தையலக்காவின் கை ஏணியின் நெஞ்சில் இருந்தது. இத்தனை மாதமாக அந்த நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டே எண்ணக் கற்றிருந்தாள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறும் என்று காத்திருந்தாள். மெஷின் சீராக முனகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் இன்னும் காத்திருந்தாள்.

நெஞ்சு ஏறவில்லை.

"எவ்வளவு அமைதியாகக் கேட்கிறார் பாருங்கள்!" என்றார் தலைவர் ஏணியைப் பார்த்து. படம் எடுக்கிறவர் ஒரு படம் எடுத்தார்.

வண்டிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது. அவர் வாய் கோணிக்கொண்டது. தலைவர் மடியிலிருந்த தாளைக் கையில் எடுத்தார்.

"பேசுங்கண்ணே" என்றாள் தையலக்கா.

"தங்கச்சி..."

"நிறுத்தாதீங்க. பேசுங்க."

அவள் குனிந்து, புருஷன் மூக்கிலிருந்து குழாயை மெதுவாகக் கழற்றினாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள். வண்டிக்காரரின் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சரிபண்ணினாள். ஏணியின் கண்களை மூடுவதுபோலத் தெரியாமல், நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்குவதுபோல மூடினாள்.

"அவருக்கு வேண்டாமா அம்மா?" என்று கேட்டார் பாராட்டு அதிகாரி.

"அவருக்குப் போதுமாம்."

உதவியாளர் அவளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு முக்காலியிலிருந்து எழுந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து சுவரோரமாக நின்றார்.

வண்டிக்காரர் மூச்சை இழுத்தார். உள்ளே போன காற்று அவரையே திடுக்கிட வைத்தது. கன்னத்தில் கண்ணீர் வழிய, குரல் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. வண்டியின் கியரைப் பற்றிச் சொன்னார். பிரேக்கைப் பற்றிச் சொன்னார். மழைநாளில் சேற்றில் வண்டி சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். தலைவர் தாளை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.

தையலக்கா புருஷனின் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது. இவர்கள் எழுந்து போனபிறகு அழுதுகொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பேச்சைக் கேட்பவள்போல அவ்வப்போது தலையை ஆட்டினாள்.